பழைய ரைஸ் மில்லைப் பிள்ளைகளுக்கு ஏற்ற வீடாக்குவது எப்படி?

“மன்னார்குடிக்குப் பக்கத்தில் தாத்தா நடத்திய ரைஸ் மில் வெகுகாலமாகப் பூட்டிக் கிடக்கிறது. 60-க்கு 30 அடி அரவைக் கூடம், சுவர் 14 அடி, முகடு 22 அடி, மேலே மங்களூர் ஓடு. ஒட்டினாற்போல் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கிடங்கு, முன்னால் நெற்களம். எட்டு வயதுப் பையன், மூன்று வயதுப் பெண், மாமியார் எல்லோருமாக அங்கே குடிபோக நினைக்கிறோம். பழைய தொழிற்கூடங்களை வீடாக்கிய நியூயார்க் லாஃப்ட் வீடுகளின் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறோம். அந்த எடுப்பும் வேண்டும், பிள்ளைகள் இஷ்டப்படி ஓடியாடவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்குமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடக்கும். 22 அடி உயரக் கூடத்தில் அழகெல்லாம் தலைக்கு மேலே இருக்கிறது: உத்திரம், கைமரம், இரும்புத் தண்டு, பெல்ட் ஓடிய சக்கரங்கள், ஓட்டிடுக்கில் இறங்கும் வெளிச்சம். பிள்ளைகளின் உலகமோ தரையிலிருந்து நாலடிக்குள் முடிந்துவிடுகிறது. சுவரைச் சுற்றி நாலடி உயரத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோட்டுக்கு மேலே மில், கீழே பிள்ளைகள். மேலே எவ்வளவு முரட்டுத்தனமாக வேண்டுமானாலும் விட்டுவிடலாம்; கீழே ஒரு கூர்முனை, ஒரு துரு, உதிர்கிற ஒரு காரைத்துண்டு இருக்கக்கூடாது. எட்டு வயதுப் பையன் ஏறுகிற வயதுக்காரன் என்பதால், படியோ ஏணியோ இருக்கும் இடத்தில் கோடும் அவனோடு மேலே ஏறிவிடும். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி முடிவுகளை நீங்களே எடுத்துவிடுவீர்கள்.

அந்தப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நியூயார்க்கின் சோஹோ பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய தொழிற்கூடங்களும் கிடங்குகளும் காலியானபோது, வாடகை மலிவு என்று ஓவியர்களும் சிற்பிகளும் குடியேறினார்கள். சட்டப்படி அங்கே யாரும் குடியிருக்கக்கூடாது. 1971இல் கலைஞர்களுக்கு மட்டும் அனுமதி வந்தது. 1982இல் லாஃப்ட் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து மற்றக் கட்டடங்களையும் முறைப்படுத்தத் தொடங்கினார்கள். அந்தக் கட்டடங்களின் பெரிய கண்ணாடி ஜன்னல்கள், மின்விளக்கு பரவாத காலத்தில் வேலைக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காக வைத்தவை. நியூயார்க் இருப்பது வட அட்சரேகை 40 பாகைக்கு மேல். அங்கே வெயில் ஒரு வரப்பிரசாதம். மன்னார்குடி 10 பாகை சொச்சத்தில் இருக்கிறது. சித்திரையில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை சூரியன் நேர் உச்சிக்கே வந்து நிற்கும். ஆகவே நம் கட்டடத்தின் பிரச்சினை சுவரைவிடக் கூரையில்தான் அதிகம். மேற்குச் சுவரை இடித்துப் பத்தடிக் கண்ணாடி வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அலங்காரத்துக்கு முன்னால் நஞ்செடுப்பு. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மூன்று வயதுக் குழந்தை கையில் படுவதையெல்லாம் வாயில் வைக்கும். முதலில் இரும்பு. மில்களில் உத்திரத்துக்கும் தூணுக்கும் துருப்பிடிக்காமல் இருக்கச் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பூச்சு அடித்திருப்பார்கள். ரெட் லெட் என்பார்கள், ஈயம் கலந்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை)த் தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எந்தப் பூச்சையும் ஈயம் உள்ளதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் ரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெயிண்டர் கிரைண்டரை எடுத்து உலர் நிலையில் தேய்க்க ஆரம்பித்தால் அந்தத் தூள் கூடம் முழுவதும் படியும். நாலடிக்குக் கீழே உள்ள இரும்பை ஈரம் வைத்துச் சுரண்டி, சுரண்டலைப் பையில் கட்டி அகற்றி, புதுப் பூச்சு கொடுங்கள். மேலே இருப்பது உதிராமல் இறுக்கமாக இருந்தால் தேய்க்கவே வேண்டாம், மேலே ஒரு பூச்சு போட்டு அடைத்துவிடுங்கள்.

அடுத்து தூசி. கைமரங்களின் மேல்பக்கத்தைத் தரையில் நின்று பார்த்தால் தெரியாது. ஏணி வைத்து ஏறினால் விரல் தடிமனுக்குத் தவிடும் உமித்தூளும் புறா எச்சமும் மெத்தை போல் படிந்திருக்கும். கொதிகலன் அடுப்பு இருந்த மூலையில் சாம்பல் இருக்கும். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, நுரையீரலுக்கு ஆகாது. விளக்குமாற்றால் பெருக்குவது இந்த வேலைக்கு உதவாது. தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசத்தோடு வழித்தெடுக்க வேண்டும். பிள்ளைகள் அந்த வாரம் ஊரிலேயே இருக்க வேண்டாம்.

கிடங்கில் பழைய டப்பாக்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பூச்சிக்கு வைத்த அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டால் நச்சு வாயு விடும். பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லித் தூளை 1997இல் அரசு தடை செய்தது. அதற்கு முன் கிடங்குகளில் தாராளமாகத் தூவினார்கள். எதையும் திறக்காமல், நனைக்காமல், வேளாண் அலுவலகத்தில் கேட்டு அகற்றுங்கள். கிடங்கின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பொறுத்தவரை என் கருத்து வளைவில்லாதது: எடுத்துவிடுங்கள். வெள்ளை வகை உட்பட எல்லா ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய்க் காரணி என்பது முடிந்துபோன விவாதம். நனைத்து, போல்ட்டைக் கழற்றி, ஷீட்டை முழுசாக இறக்க வேண்டும். மேலே நின்று சுத்தியலால் உடைத்துக் கீழே போடுகிற ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இனிக் கூரை. ஓட்டுக்கூரை உங்கள் அதிர்ஷ்டம். ஓட்டிடுக்கில் காற்று போய்வரும். முகட்டோரம் சூடான காற்று வெளியேற வழி வைத்து, கீழே நிழல் பக்கத்தில் காற்று நுழைய வழி வைத்தால் இந்த உயரமே விசிறி வேலையைப் பார்க்கும். பொய்க்கூரை போட்டு மறைத்தால் மில்லை வாங்கி அறையாக்கியதுபோல் ஆகிவிடும். கண்ணாடி ஓடு நான்கைந்து போதும். அதிகம் வைத்தால் பகலில் கூடம் முழுக்கச் சுடுகிற வெயில் திட்டுகள் நகர்ந்துகொண்டே இருக்கும். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையேறியபோது இந்த வட்டாரத்தில் ஓடும் ஷீட்டும் என்ன பாடுபட்டன என்று உங்கள் மாமியாருக்குத் தெரியும். ஓரங்களிலும் முகட்டிலும் ஓடுகளைக் கம்பியால் கட்டி, கைமரத்தைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைப்பது இந்தப் பக்கத்தில் ஆடம்பரச் செலவு ஆகாது.

படங்களில் பார்த்திருப்பீர்கள்: பாதிக் கூடத்துக்கு மேலே ஓர் இடைத்தளம், அதில் படுக்கையறை, கீழே பார்த்தபடி மெல்லிய கம்பிவடக் கைப்பிடி. மூன்று காரணங்களால் அதை அப்படியே எடுக்கமுடியாது. ஒன்று, சூடு மேலே போய் அங்கேதான் தங்கும். பங்குனி தொடங்கி ஆடிவரை அங்கே யாரும் தூங்கமாட்டார்கள். அந்த இடத்தை மழைக்கால, மார்கழிக்கால அறையாக வைத்துக்கொள்ளலாம். நூலகமாகவோ உங்கள் அலுவலகமாகவோ ஆக்கலாம். படுக்கை கீழே இருக்கட்டும். இரண்டு, படுக்கைவாட்டில் ஓடும் கம்பிவடம் பிள்ளைகளுக்கு ஏணி. கைப்பிடிக்கு நின்றவாட்டில் கம்பிகள் போடுங்கள், இடைவெளி நாலு அங்குலத்தைத் தாண்டக்கூடாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு குறைந்தபட்ச உயரம் ஒரு மீட்டர் என்கிறது, நான் 1.2 மீட்டர் போடச் சொல்வேன். கைப்பிடியை ஒட்டி நாற்காலியோ பெட்டியோ இருக்கவே கூடாது. மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை: கூடத்தின் நடுவில் நீளக் கம்பியில் தொங்கும் விசிறியின் இறக்கை, இடைத்தளத்தில் நிற்கும் பையனின் கைக்கு எட்டும். இடைத்தளத்தின் விளிம்பிலிருந்து ஆறடிக்குள் கூரை விசிறி வேண்டாம். சுவர் விசிறி போதும். படி விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். சுருள்படி படத்துக்கு நன்றாக இருக்கும், மாமியாருக்கும் மூன்று வயதுக்கும் ஆகாது. உயரம் 19 சென்டிமீட்டருக்குள், மிதி 25 சென்டிமீட்டருக்குக் குறையாமல் நேர்ப்படி கட்டி, மேலும் கீழும் கதவு வையுங்கள்.

செங்கல் சுவரைக் காரை உரித்துக் காட்டுவது லாஃப்டின் அடையாளம் ஆகிவிட்டது. இங்கே நான் பிரேக் போடுவேன். நம் பக்கத்து நாட்டுச் செங்கல் மிருதுவானது, சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. காரைதான் அதன் சட்டை. அதிலும் நெல் அவித்து ஆவி பிடித்த சுவர்கள், பக்கத்தில் வாய்க்கால். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து, ஐப்பசி மழையும் சேர்ந்துகொண்டால் அடிச்சுவரில் ஈரம் ஏறி உப்புப் பூக்கும். செங்கல் பொடிப்பொடியாக உதிரும், அந்தப் பொடியில் குழந்தை கோலம் போடும். வெளிச்சுவரை உரிக்கவே வேண்டாம். உட்புறக் குறுக்குச்சுவர் ஒன்றை மட்டும், அதுவும் நாலடிக் கோட்டுக்கு மேலே மட்டும், உரித்துக்கொள்ளுங்கள். இடுக்குகளைச் சுண்ணாம்புச் சாந்தால் பூசுங்கள். சிமெண்ட் வைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் வழியாகத் தள்ளிக்கொண்டு வரும். கோட்டுக்குக் கீழே சுண்ணாம்புப் பூச்சு, வழவழப்பாக. ஒரு சுவரின் கீழ்ப்பகுதியைக் கரும்பலகையாக்கிப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிடுங்கள். அவர்கள் கேட்காமலேயே எடுத்துக்கொள்ளப்போவதைக் கொடுத்துவிட்ட பெருமையாவது மிஞ்சும். காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடிக்கலாமே என்று ஆசை வரும். அடித்தால் ஊரார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள்.

காரை உரிக்குமுன் சுவரை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடுங்கள். எடைமேடைக்குப் பக்கத்துச் சுவரில் கணக்குப்பிள்ளை கரிக்கட்டியால் எழுதிய மூட்டைக் கணக்கு இருக்கும்: பெயர், ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள், குறுவையா சம்பாவா என்ற குறிப்பு. அந்தத் துண்டுச் சுவரைத் தொடாமல் சட்டம் போட்டுக் கண்ணாடி மாட்டினால், கடையில் வாங்கும் எந்தப் படமும் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

தரைக்குச் சிவப்புச் சிமெண்ட். தஞ்சை வட்டாரத்து வீடுகளில் பார்த்துப் பழகியதுதான். இணைப்புக் கோடு குறைவு, தரையில் விளையாடும் குழந்தைக்குக் குளுமை, கூடத்தின் இரும்புக்கும் மரத்துக்கும் எடுப்பாகப் பொருந்தும். ஈரத்தில் வழுக்கும் என்பதால் குளியலறைக்கும் வாசலுக்கும் சொரசொரப்பான கல். எஞ்சின் நின்ற இடத்தில் ஆண்டுக்கணக்கில் ஊறிய எண்ணெய்த் தரையைக் கொத்தி எடுக்காமல் மேலே சிமெண்ட் போட்டால் பிடிக்காது, கறை மேலே வந்துவிடும். நெல்லை மேலே ஏற்றிய எலிவேட்டரின் குழியை மரப்பலகை போட்டு மூடிவிட்டு “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லாதீர்கள். மணல் கொட்டி இடித்து, கான்கிரீட் போட்டு, குடிபோகும் முன் கணக்கை முடித்துவிடுங்கள். நெல் ஊறப்போட்ட தொட்டியை நீச்சல் குளமாக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். அடியில் துளையிட்டு நீர் தேங்காமல் செய்து, மூன்றடிக்கு மணல் நிரப்பி, மேலே கூரை போட்டால் அருமையான மணல் விளையாட்டுக் களம் கிடைக்கும். பூனை வராமல் ஒரு மூடி வேண்டும்.

ஊஞ்சலைப் பற்றிப் பேசாமல் தஞ்சாவூர்ப் பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசமுடியாது. இத்தனை உயரக் கூடத்துக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது; சோபாவுக்கு வைத்த பணத்தை இதில் போடுங்கள் என்பேன். ஆனால் கூரைச் சட்டத்தின் கீழ்க்கட்டையில் கொக்கி மாட்டுவது ஆபத்து. அது ஓட்டைத் தாங்கப் போட்டது, ஆடுகிற பாரத்தைத் தாங்க இல்லை. அறுபது பாகை வரை வீசி ஆடினால், அடிப்புள்ளியைக் கடக்கும்போது சங்கிலியில் இழுவிசை உட்கார்ந்திருப்பவரின் எடையைப் போல் இருமடங்காகும். இரண்டு தூண்களில் ஊன்றிய தனி இரும்பு உத்திரம் (ஐ-பீம்) போட்டு, அதில் மாட்டுங்கள். ஆடி மேலே எழும்போது பலகையின் விளிம்பு மூன்று வயதுக் குழந்தையின் நெற்றி உயரத்துக்கு வரும். விளிம்பை அரை வட்டமாக இழைக்கச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் ஆறடிக்கு எதுவும் வேண்டாம், தரையில் வேறு நிறத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் ஊஞ்சல் ஆடும்போது யாரும் வரக்கூடாது என்று பழக்குங்கள். பித்தளைச் சங்கிலியின் கண்ணிகள் விரலைக் கடிக்கும். உட்கார்ந்தால் கைபிடிக்கும் உயரம் வரை கெட்டித்துணி உறை தைத்து மாட்டினால் அழகாகவும் இருக்கும்.

கோட்டுக்கு மேலே மில்லை மில்லாகவே விடுங்கள். பெரிய தண்டையும் சக்கரங்களையும் கழற்றவேண்டாம். ஆனால் சுழலமுடியாதபடி வெல்டர் ஒரு பொட்டு வைத்துவிடட்டும், தாங்கிகளின் போல்ட்டுகளை இன்ஜினியர் சோதித்துவிடட்டும். தோல் பெல்ட்டை எடுத்துவிடுங்கள், தொங்கினால் பையன் பிடித்துத் தொங்குவான். சலிப்பு இயந்திரத்தின் தகரச் சல்லடைகளைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நெல்லுக்கு நீள்துளை, குருணைக்கு வட்டத் துளை என்று இருக்கும். ஓரத்தை மடித்துச் சட்டம் போட்டு, பின்னால் ஒரு எல்.இ.டி. பட்டை வைத்தால் இரவில் சுவர் முழுக்க நெல்மணி நெல்மணியாக வெளிச்சம் விழும். மரக்கால்களைக் கவிழ்த்து விளக்குக் கூண்டாக்கலாம். பழைய சாக்குகள் மட்டும் வேண்டாம். உறுத்தும், பூச்சிமருந்து வாசம் போகாது.

வெறும் சுவரும் சிமெண்டும் சேர்ந்தால் இந்தக் கூடம் எதிரொலிக்கும். இரண்டு பிள்ளைகள் கத்தினால் இருபது பிள்ளைகள் கத்துவதாகக் கேட்கும், மாமியாருக்குத் தலைவலி வரும். தேரில் தொங்குமே, துணித்தொம்பை, அதைத் தைப்பவர்களிடம் பெரிதாக நான்கைந்து செய்யச் சொல்லி உத்திரத்திலிருந்து தொங்கவிடுங்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் வேண்டாமென்றால் வெள்ளையிலும் கருநீலத்திலும் கேளுங்கள். சத்தத்தைக் குடிக்கும், உயரத்துக்கு ஒரு அளவுகோலும் கொடுக்கும். தரையில் தேங்காய்நார் விரிப்பும் முசிறிக் கோரைப்பாயும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை காகிதக்கூழில் செய்தது, குழந்தை கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் சுவாமிமலை விக்கிரகமும் மாடத்தில், கோட்டுக்கு மேலே. மூன்றடிக் குத்துவிளக்கு தரையில் நின்றால் அது பிடித்துச் சுற்றக் கிடைத்த தூண் என்று குழந்தை நினைத்துக்கொள்ளும்.

மேசை நாற்காலிகளுக்குத் தைக்கால் போங்கள். சீர்காழியிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் பிரம்பு வேலைக்குப் பேர்போன ஊர். பிரம்பு இலேசு, கவிழ்ந்தாலும் காயம் பெரிதாக இராது, பிள்ளைகளே இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். கூடத்தைப் பிரிக்கப் புத்தக அலமாரி வைப்பதானால் தரையிலும் உத்திரத்திலும் போல்ட் அடித்து நிறுத்துங்கள். தனியாக நிற்கும் ஏழடி அலமாரியில் ஏறிய குழந்தையோடு அது சாயும்; லாஃப்ட் வீடுகளில் சுவர் குறைவு என்பதால் இந்த ஆபத்து அதிகம். மில் ஜன்னல்கள் உயரத்தில் இருக்கும், மூன்று வயதுக்கு வானம்தான் தெரியும். வடக்குச் சுவரில் இரண்டடி உயரத்தில், லிண்டல் வைத்து, நின்றவாட்டுக் கம்பியோடு ஒரு ஜன்னல் திறந்து, உள்பக்கம் உட்காரும் அளவுக்குத் திண்டு கட்டுங்கள். வயலும் கொக்கும் நடவும் தெரியட்டும். டிவி கேட்பது கொஞ்சம் குறையும்.

பிள்ளைகளின் படுக்கைக்கு வருகிறேன். மில் இருந்த இடத்தில் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு வரும், இதில் சுற்றிவளைத்துப் பேச ஒன்றுமில்லை. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் படுத்துத் தூங்குகிறவர்களையே பெரும்பாலும் கடிக்கிறது. படங்களில் அழகாகத் தெரியும் தரைமட்ட மெத்தை நம் ஊருக்கு ஆகாது. ஒன்றரை அடி உயரக் கட்டில், சுவரிலிருந்து தள்ளி, மெத்தைக்கு அடியில் செருகிய கொசுவலை. வலையை உத்திரத்திலிருந்து ஒரு மூங்கில் வளையத்தில் இறக்கினால் கூடத்தின் உயரமும் வீணாகாது. கதவடி இடுக்கு, பழைய பெல்ட் துளை, கழிவுநீர்க் குழாய் வாய், எல்லாவற்றுக்கும் வலையோ தகரமோ அடியுங்கள். வண்டி போய்வந்த பெரிய இரட்டைக் கதவை வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு நிகரான முகப்பு கிடைக்காது; கீலோரம் விரல் நசுங்காமல் ரப்பர் பட்டை ஒட்டிவிடுங்கள்.

நெற்களம் சைக்கிளுக்கு. மழைநீர் ஓட நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்து கட்டியிருப்பார்கள், ஸ்கேட்டிங் பழக அதைவிட நல்ல தரை கிடையாது. பிற்பகல் வெயிலில் கால் பொத்துவிடும் என்பதால் மேற்கே ஒரு வரிசை பூவரசு. தை மாதம் பக்கத்து வயல்காரர் நெல் காயப்போடட்டுமா என்று கேட்பார். கொடுங்கள், சைக்கிளுக்கு விடுமுறை விட்டுவிடலாம். செங்கல் புகைபோக்கி இன்னும் நிற்கிறதென்றால் கட்டமைப்பு இன்ஜினியர் எழுதிக் கொடுக்கும் வரை அதன் உயரமளவு சுற்றி வேலி.

காகித வேலை சுருக்கமாக: தொழிற்கூடத்தைக் குடியிருப்பாக மாற்ற உள்ளாட்சியிடம் பயன்பாட்டு மாற்றமும் திட்ட அனுமதியும் வேண்டும், மின் இணைப்பை வீட்டுக் கட்டண வகைக்கு மாற்ற வேண்டும். பழைய வயரிங்கில் ஒரு முழம்கூட மிச்சம் வைக்காதீர்கள். மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., மூடியுள்ள பிளக் பாயிண்ட், புது எர்த் குழி.

பொங்கல் முடிந்து தொடங்கினால் ஐப்பசி மழைக்குள் கூரையை முடித்துவிடலாம். நஞ்செடுப்பு, கூரை, குழி நிரப்பல், வயரிங், சுவர், கடைசியாகத் தரை என்ற வரிசை மாறக்கூடாது. சுவர் ஒரு மழைக்காலம் முழுக்கச் சுண்ணாம்போடு நிற்கட்டும். எங்கே உப்புப் பூக்கிறது என்று பார்த்துவிட்டு, எந்தச் சுவரை உரிக்கலாம் என்று மாசியில் முடிவு செய்யுங்கள். ஊஞ்சலுக்கான ஐ-பீமையும் தொம்பைக்கான கொக்கிகளையும் கொசுவலை வளையத்தையும் கூரை வேலைக்குச் சாரம் நிற்கும்போதே மாட்டச் சொல்லிவிடுங்கள். 22 அடிக்கு மறுபடி சாரம் கட்ட அவர்கள் கேட்கும் கூலியில் இரண்டு தைக்கால் நாற்காலி வாங்கலாம்.